பதினேழு சென்ட்

பட்டணம் என்று பேர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.
காவேரிப்பட்டணத்தில் கடல் இல்லை,
காவிரியும் இல்லை.
இருப்பது தென்பெண்ணை,
அதுவும் அணையில் மதகைத் தூக்கினால்.
கரை மட்டும் வருஷம் முழுக்க இருக்கிறது.
அதற்காக ஏழு பேர் கையெழுத்துப் போட்டு
ஒரு குழுவைப் பதிவு செய்தோம்.

ஏழில் ஒருவர் ஓசூருக்கு மாற்றலாகிவிட்டார்.
ஒருவர் கூட்டத்துக்கு வரவே மாட்டார்,
சீமைக்கருவேலம் வெட்டக் கூப்பிட்டால்
சொந்தக் கோடாலியோடு நிற்பார்.

தலைவர் முனிரத்தினம்மாவுக்கு
வாடகைப் பாத்திரக் கடை.
நாற்காலிகள் அவர் கடையில் இருந்துதான் வரும்,
ஆகையால் முகூர்த்த நாட்களில்
தீர்மானங்களை நின்றபடி நிறைவேற்றுவோம்.
பொருளாளர் ஜபருல்லா
மாங்கூழ் ஆலையின் எடைமேடையில் இருக்கிறார்.
வண்டியோடு ஒரு எடை, வண்டி மட்டும் ஒரு எடை,
கழித்து வருவதுதான் அவருக்கு உண்மை.
செயலாளர் நான்.
பால் சொசைட்டியில்
எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துச் சொல்வது
என் பிழைப்பு.

மூன்று வருஷம் சீட்டுப் போல் சேர்த்து
ஆற்றோரம் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் வாங்கினோம்.
செங்கல் சூளைக்காரர் அதிகம் தருகிறேன் என்றார்.
விற்றவர் எங்களுக்கே கொடுத்தார்,
ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.
நாணல், நாலு நீர்மருது, ஒரு சாய்ந்த புங்கன்.
பத்திரத்தில் புங்கன் மட்டும் இருக்கிறது.

அளக்க வந்த சர்வேயர்
மூன்று கல்லைக் காட்டினார்.
நான்காவது கல்லுக்கு
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிப் பார்த்தார்,
அப்புறம் சுருட்டியதை இறக்கிவிட்டார்.
"அங்கே இருக்குதுங்க," என்று
நடு ஆற்றைக் கை காட்டினார்.
தொண்ணூற்றைந்து சென்ட்தான் தரை.
பதினேழு சென்டை
ஆறு எப்போதோ சாப்பிட்டிருக்கிறது.

அன்றைக்கு முகூர்த்தம் இல்லை, நாற்காலி இருந்தது.
யாரும் உட்காரவில்லை.
ஜபருல்லா கழித்துப் பார்த்தார்,
சென்ட்டுக்கு இவ்வளவு, பதினேழுக்கு இவ்வளவு,
திருப்பிக் கேட்கலாம், நியாயம்தான் என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாலில் தண்ணீர் என்றால் எனக்குத் தெரியும்,
நிலத்தில் தண்ணீர் என்றால்
எந்தக் கருவியை விடுவது?

முனிரத்தினம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்கடைல ஒரு அண்டா போனா
வாடகைக்காரன்கிட்ட வசூல் பண்ணுவேன்.
ஆத்துகிட்ட என்னன்னு கேக்கறது?
கரையத்தானே காப்பாத்தறோம்னு போட்டிருக்கோம்.
கரை எங்க போகுதோ
அங்க நாம போவணும், அவ்ளோதான்."

நோட்டில் அதை எப்படி எழுதுவது என்று
ஐந்து பேரும் பேசினோம்.
கடைசியில் எழுதியது:
பதினேழு சென்ட் தற்சமயம் தண்ணீரில் உள்ளது.
தற்சமயம் என்ற சொல்லை
ஜபருல்லா கேட்டு வாங்கினார்.

வேலி போட வந்தவர்
ஆற்றுப் பக்கம் எத்தனை கல் என்று கேட்டார்.
ஒன்றும் வேண்டாம் என்றோம்.
மூன்று பக்க வேலியா என்று சிரித்து
மூன்று பக்கத்துக்கே கூலி வாங்கினார்.

தீர்வை முழுசுக்குத்தான் வருகிறது.
ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.
கிராம அலுவலர் திருத்த மனு கொடுக்கச் சொன்னார்.
படிவம் வாங்கி வந்தேன்,
சொசைட்டி மேசையில் இருக்கிறது,
அதன் மேல் கேன் வைத்த வட்டம் விழுந்திருக்கிறது.

நேற்று மதகு திறந்தார்கள்.
இரவு பத்து மணிக்குப் போன் செய்து
முனிரத்தினம்மா கேட்டார்,
புங்கன் நிற்கிறதா?
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சாய்ந்து.
வேரில் பாதி
எங்கள் பதினேழு சென்ட்டுக்குள்.